விறைத்த விரிப்பு

மைனஸ் முப்பத்தொன்று.
விடுதிக்குப் பின்னால், கொடிக்கம்பியில்,
பலகையாய் விறைத்து நிற்கிறது
ஒரு படுக்கை விரிப்பு.
விடிய இன்னும் மூன்று மணி நேரம்.

உலான்பத்தாரிலிருந்து கேள்வித்தாள்களோடு வந்தவன் நான்.
இரவில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?
"ஒருவருமில்லை" என்றாள் செவெல்மா,
அடுப்பில் கரி அள்ளிப் போட்டபடி.

முதல் வகுப்பில் இருபத்திரண்டு பேர். ஆறு வயது.
மேய்ச்சல் தேடி வீடும் நகர்ந்துகொண்டே இருப்பதால்
வீடு எங்கே என்றால்
"போன மாசம் அந்தப் பக்கம்" என்று
மலையைக் காட்டுகிறான் பில்கூன்.

குடும்பத்தை வரையச் சொன்னேன்.
முப்பது ஆடுகள், ஒரு நாய்,
மோட்டார் சைக்கிளில் அப்பா.
அம்மா இல்லை.
'தாயுடன் பிணைப்பு: கவனிக்க வேண்டும்'
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
"அம்மா கூடாரத்துக்குள்ள இருக்காங்க,
வெளியே குளிருதில்ல"
என்றான், என் பேனாவையே பார்த்து.
அடித்தேன்.

தாளின் கடைசியில்
ஆசிரியர் மனநலம் என்றொரு கட்டம்,
ஒன்றிலிருந்து ஐந்துவரை.
செவெல்மா வெகுநேரம் பார்த்தாள்.
அவள் மகன் பத்தாவது படிக்கிறான்,
முந்நூறு கிலோமீட்டர் தள்ளி
மாகாணத் தலைநகரின் விடுதியில்.
"ஒழுங்காச் சாப்பிடுறான்னுதான் போன்ல சொல்றாங்க.
நானும் இங்க எத்தனை அம்மாக்களுக்கு
அதையே சொல்றேன்."
மூன்றை வட்டமிட்டாள்.
பிறகு ஐந்தாக்கினாள்.

மறுநாள், மணியடிக்குமுன்,
கம்பியிலிருந்து இன்னொரு விரிப்பை
இருவருமாய் எடுத்தோம்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
மடிக்கப் பார்த்தோம், மடங்கவில்லை.
ஆளுக்கொரு ஓரம் பிடித்து
கதவைத் தூக்குவதுபோல்
சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய்
அடுப்பருகே சாய்த்துவைத்தோம்.