கொக்கின் மூக்கு

ஒடித்தது நான்தான்.
ஹெக்ஸமில் எல்லோருக்கும் தெரியும்,
யாரும் சொல்வதில்லை.
முந்தின நாள் மழை.
ஈரம் குடித்த மணற்பாறை
டீயில் நனைத்த பிஸ்கட் என்று
புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான்.
மேலே தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது.
உள்ளே தொட்டுப் பார்க்க விரல் ஏது?

ஊமைக் கொக்கு என்று அந்தப் பாறைக்குப் பெயர்.
அதன் மூக்கில் வலது கையைத் தொங்கவிட்டால்தான்
உச்சிக்கு வழி.
அன்று மூக்கும் என்னோடு கீழே வந்தது.
நான் மெத்தையில் விழுந்தேன்.
அது ஓடையில் விழுந்து
நாலைந்தாகி, பிறகு வெறும் மணலாகி.

நவம்பரில் கொல்லைப்புறம்,
கோழிக்கூண்டு இருந்த இடத்தில்
நாற்பது பாகை சாய்ந்து நிற்கிறது என் பிளைவுட் சுவர்.
பூக்கடைக்காரர்கள் தண்டு குத்தும் பச்சை நுரைக்கட்டியை வாங்கி
ஸ்பூனால் சுரண்டினேன்,
கண்ணை மூடிக்கொண்டு.
கண்ணுக்கு அந்தப் பிடியைத் தெரியாது.
எப்போதும் தலைக்கு மேலே, கைக்கு உள்ளே இருந்தது அது.
நடுவிரலுக்கு ஒரு பள்ளம்.
சுண்டுவிரலுக்கு இடமில்லை,
வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்.
கட்டைவிரல்
கட்டைவிரல் எங்கே இருந்தது?

நுரையின் மேல் சிலிகோன், ஒரு ராத்திரி.
அச்சைப் பிரித்து
மணல் மூன்று பங்கு, ரெசின் ஒரு பங்கு,
கெட்டியாக்கியைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டேன்.
குளிருக்கு இரண்டு சொட்டு அதிகம்.
நடுவில் நிறுத்திய போல்ட்டுக்கு வாசலின் தடவ மறந்ததில்
முதல் மூக்கு போல்ட்டோடு சேர்ந்தே செத்தது.
இரண்டாவது, அச்சுக்குள்
காய்ச்சல் நெற்றி மாதிரிச் சூடேறியது.
பக்கத்து வீட்டு மிஸஸ் சார்ல்டன்
நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினார்.

எல்ஸ்பெத் வந்தாள். தொங்கினாள். குதித்தாள்.
'இன்னும் ஆழம்.'
'ஆழமா?' என்றான் டூகல், ஆறடி நாலங்குலம்.
'வெறும் விளிம்பு. நகத்தால் பிடித்தோம்.'
சுவர் பூசுகிற ரோவனுக்கு
கட்டைவிரலுக்கென ஒரு கடலை அளவு மேடு நினைவிருக்கிறது.
அதைத் தொடாமல் ஏறினேன் என்பவன் பொய்யனாம்.
டூகல் தொடாமல்தான் ஏறினானாம்.
இருவருக்கும் நடுவில் டீ ஆறியது.

சரி, ஆளுக்கொன்று.
டிசம்பர் முழுக்க ஊற்றினேன்.
அவரவர் நினைவுக்கு அவரவர் நுரை, ஒரே ஸ்பூன்.
இப்போது சுவரில் ஒரே உயரத்தில் நான்கு மூக்குகள்.
எல்ஸ்பெத்தின் மூக்கில் டூகலின் விரல் நுழையவில்லை.
ரோவனுடையதில் யாரும் தொங்க முடியவில்லை,
ரோவன் உட்பட.
என்னுடையதில் நான் சுகமாகத் தொங்குகிறேன்,
அதனாலேயே தெரிகிறது, அது தப்பு.
பாறை எனக்கு ஒருநாளும்
இப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

கொக்கில் முதன்முதல் ஏறியவர் ஹெஸ்லப்.
இப்போது நியூசிலாந்தில் ஆடு மேய்க்கிறார்.
எண் தேடிப் பிடித்து, அவருக்குக் காலையாகும்வரை காத்திருந்து
கேட்டேன்: மூக்கு எப்படி இருந்தது?
'எந்த மூக்கு?' என்றார்.
பின்னால் நாய் குரைத்தது.
'எங்கள் காலத்தில் அங்கே ஒரு தகடு இருந்தது.
தட்டு மாதிரி, இரண்டு கையும் வைக்கலாம்.
மூன்றாம் தடவை ஏறும்போது
நான்தான் பிய்த்தேன்.
மிச்சம் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்ததா என்ன?'

ஈரமாக இருந்ததா, என்று கேட்டேன்.
நாய் குரைத்துக்கொண்டே இருந்தது.
'மாட்டை அடைக்கணும்' என்று வைத்துவிட்டார்.
ஆடு என்றல்லவா சொன்னார்கள்.

ஐந்தாவதாக ஒரு தட்டு ஊற்றினேன்.
கெட்டியாக்கி குறைந்துவிட்டது போல.
பத்து நாளாகியும் பிசுபிசுக்கிறது,
தொட்ட விரலின் ரேகையை வைத்துக்கொள்கிறது.
மாட்டவும் மனமில்லை, வீசவும் மனமில்லை.

மார்ச்சில் எல்ஸ்பெத் கேட்டாள்:
கொக்கைப் போய்ப் பார்ப்போமா,
ஒடிந்த இடத்தில் புதிதாக ஏதாவது இருக்கும்.
மழை நின்று மூன்று நாளாகட்டும், என்றேன்.
நான்கு, என்றாள்.