அவன் முதுகு

ஏசுவடியானின் முகம்
பினாங்கு முழுக்கத் தெரியும், பத்திரிகையில் வந்தது.
எனக்குத் தெரிந்தது முதுகு.
இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம்,
பனியன் கிழிசலில் எட்டிப்பார்க்கும்.
எண்ணூற்று எண்பது கெஜமும்
அந்த மச்சத்தைத் துரத்தினேன்,
நான்கு வருஷம்.

அப்போதெல்லாம் கரிச்சாம்பல் தடம்.
விழுந்தால் தழும்பு கறுப்பாகவே தங்கிவிடும்.
எனக்கு இரண்டு. அவனுக்கு ஒன்றுமில்லை.
கடைசி வளைவில் அவன் உதடு அசையும்.
ஜெபம் என்றார்கள் சபையார்.
எண்ணுகிறான் என்றார் கோச் லிம்.
ஒரு கெஜம் பின்னாலிருந்தும்
எனக்கு விளங்கியதில்லை.
என் மூச்சே என் காதை அடைத்திருக்கும்.

அறுபத்திரண்டில் கோலாலம்பூரிலிருந்து கடிதம்.
அணிக்கு அவன். மாற்று ஆளாக நான்.
மறுநாள் வந்து
ஆணிச் சப்பாத்தை என் சைக்கிள் கூடையில் போட்டான்.
"ஜெரஜாக் தீவுக்குப் போறேன்டா. ஊழியத்துக்கு.
குஷ்டரோகிங்க வார்டுல ஆள் வேணுமாம்."

அவன் அப்பா மூன்று நாள் சோறு தின்னவில்லை.
பாதிரியாரே கேட்டாராம்:
போட்டி முடிஞ்சு போயேன் தம்பி, தீவு எங்கே ஓடிடப் போகுது?
நானும் கேட்டேன்,
உன்னைக் கூப்பிட்டது என்ன குரல், எந்த பாஷை?
சிரித்தான்.
"பேர் சொல்லலடா. ஆனா என்னைத்தான்."

அவன் இடத்தில் நான் ஓடினேன்.
சப்பாத்து ஒரு விரல் பெரிசு, பஞ்சு அடைத்திருந்தேன்.
முன்னால் ஐந்து முதுகுகள்.
எதிலும் மச்சம் இல்லை.

ஆறு மாதம் கழித்துப் படகேறினேன்,
சப்பாத்தைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு.
குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.
பேசினில் ஊதா நிற மருந்துத் தண்ணீர்.
மடியில் ஒரு சீனக் கிழவரின் பாதம்,
விரல்கள் இருந்த இடத்தில் மொழுமொழுவென்று.
உள்ளங்காலில் ஒரு ஆணி ஏறியிருந்தது.
எப்போது குத்தியதென்று
கிழவருக்குத் தெரியாது.
அவர் ஜன்னல் வழியே கப்பல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த பொட்டலத்தை
முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

சாயங்காலம் கிழவரை வேப்பமர பெஞ்சுக்கு நடத்தினான்.
நாற்பது கெஜம் இருக்கும்.
என் பெருவிரல் தானாக
இல்லாத ஸ்டாப்வாட்சை அமுக்கியது.
கிழவர் முன்னால்,
தாங்கப்போகிற கைகளோடு இவன் பின்னால்.
நான் பெஞ்சில் இருந்தேன்.
முதன்முறையாக அவன் முகம்
என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது,
ஒரு பந்தயத்தின் கடைசி வளைவு முகம்.
உதடு அசைந்தது.
இந்தமுறை கேட்டது:
காவ். பெய். ச்சிட். லாக்.
கிழவருக்காக, ஹொக்கியனில்,
மிச்சமிருக்கும் அடிகளை
இறங்குவரிசையில் எண்ணிக்கொண்டு வந்தான்.

கோச் லிம் சொன்னதுதான் சரி.
சபையார் சொன்னது தப்பு என்றும்
என்னால் சொல்ல முடியவில்லை.

நான் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறவன்,
இன்றைக்கும்.
அவனும் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை.
டீ கொடுத்தான். சீனி அதிகம்.
"எத்தனையாவது வந்தே?" என்றான்.
ஆறு என்றேன்.
"வளைவுல வெளிப்பக்கம் போயிருப்பே.
எப்பவும் அப்படித்தான் நீ."
திரும்பிப் பார்க்காமல் ஓடியவனுக்கு
அது எப்படித் தெரியும்?

படகோட்டி சத்தம் போட்டார்.
ஓடினேன். முன்னால் யாரும் இல்லை.
அக்குளில் இடுக்கிய பேப்பர் கிழிந்து
ஆணிகள் விலாவில் குத்தின,
கரை வரும்வரை.
கை மாற்றிப் பிடித்திருக்கலாம்.
பிடிக்கவில்லை.