சுற்றுவழி

பூண்டரிஷ் படகுத்துறையில்
வரைபடத்தை விரித்ததுதான் தப்பாகப் போயிற்று.
மோசல் ஆறு இங்கே
சாவியை மறந்துவிட்டு வந்தவள் மாதிரி
பதினான்கு கிலோமீட்டர் போய்த்
திரும்பி வருகிறது.
விட்ட இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நடுவே
ஒடுங்கிய மலைக்கழுத்து மட்டும்.

ஏறிக் கடந்தால் அரைமணி, என்றேன்.
ஆறு போகிற வழியை நீ ஏன் திருத்துகிறாய்,
என்றான் இளம்பரிதி.
கொலோனில் ரயில் ஏறியதிலிருந்து
பேசாமலே பேசிக்கொண்டிருந்த வேறெதுவோ
அந்தத் தாளின் மடிப்பில் வந்து உட்கார்ந்தது.

வாடகை சைக்கிளில் அவன் கரையோரம் போனான்.
ஹெல்மெட் வாரை மாட்டவில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

ஒருத்திக்காக எஞ்சினை முடுக்கிய படகுக்காரர்
அக்கரையில் இறக்கிவிட்டு
மலையைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார்.

அறுவடை முடிந்த திராட்சைத் தோட்டம்
மஞ்சளேறி நின்றது.
சாய்வு எப்படியென்றால்
முன்னால் நடப்பவரின் குதிகால்
நம் நெற்றிக்கு நேரே வரும்.
முன்னால் யாருமில்லை.
மலை முழுக்கச் சிலேட்டுச் சில்லுகள்,
யாரும் எதுவும் எழுதாமலே உடைந்தவை.
பறிப்பவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு குலை.
தின்றேன்.

உச்சியில் மரியன்பூர்க்.
கன்னியர் மடமாக இருந்தது,
கோட்டை கட்டவென்று அவர்களை இறக்கிவிட்டார்கள்
என்று படித்திருந்தேன்.
மூட்டைகளோடு
எந்தப் பக்கமாக இறங்கியிருப்பார்கள்?

மதிலோரம் நின்றால்
இடக்கண்ணுக்கு ஓர் ஆறு, வலக்கண்ணுக்கு ஓர் ஆறு.
ஒன்று போகிறது, ஒன்று வருகிறது.
இரண்டும் ஒன்றென்று அறிவு ஒப்புகிறது,
கண் ஒப்பவில்லை.
இடப்பக்க ஆற்றில் ஒரு சரக்குப் படகு கிளம்பியது.
கரையில், நகத்தளவு, ஓர் ஆரஞ்சுச் சட்டை.
நின்றுகொண்டே இருந்தது.
வேடிக்கை பார்க்கிறான்,
என்னை வெறுப்பேற்றவே பார்க்கிறான்
என்று இறங்கத் தொடங்கினேன்.

அரைமணி என்றேன், ஐம்பது நிமிடம் ஆயிற்று.
அதை அவனிடம் சொல்ல வேண்டியதில்லை.
புல்லாய்ப் பாலம் இரண்டடுக்கு:
மேலே ரயில், கீழே நாம்.
தலைக்குமேல் யாரோ ட்ரியருக்குப் போக
நான் கடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஜெயித்தவர் காத்திருக்க வேண்டும் என்று
எந்தப் பந்தயத்திலும் முன்கூட்டிச் சொல்வதில்லை.
ஒரு மணி நேரம்.
சரக்குப் படகு சுற்றி முடித்து
என்னைத் தாண்டிப் போய்விட்டது.
ஹெல்மெட் வார் நினைவுக்கு வந்தது.
அப்புறம் அது மட்டுமே நினைவில் இருந்தது.

வந்தான்.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு,
பின்சக்கரம் தரையோடு சப்பளிந்து.
பிரீடலுக்கு முன்பே பஞ்சராம்.
பம்பும் ஒட்டுப்போடும் டப்பியும்
என் பையில் இருந்தன.

எவ்வளவு தூரம் தள்ளினாய்?
பதினொன்று, பன்னிரண்டு.
நடுவில் வந்த ஊரின் பேரே செல்.
சென்றேன், என்றான்.
சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்க இடம் விட்டிருந்தான்.

அங்கே ஒரு வீட்டுச் சுவரில்
வெள்ளம் ஏறிய ஆண்டுகளைக் கோடிட்டு வைத்திருக்கிறார்கள்,
உயர்ந்த கோடு என் தலைக்கும் மேலே,
அதன் கீழே ஜன்னல், ஜன்னலில் பூந்தொட்டி,
உள்ளே யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்,
என்றான்.

பிறகு,
சக்கரம் போன இடத்தில் நின்று
மலையைப் பார்த்துக் கையாட்டினேனே,
பார்த்தாயா?

பார்த்தேன், என்றேன்.
கையை அல்ல.

ஆறு என்றால் நதி,
ஆறு என்றால் வழி,
ஆறு என்றால் சூடு தணி என்று
ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழிக்காரர் இருவர்
தலையோடு தலை முட்டக் குனிந்து
டியூபில் ஓட்டை தேடினோம்.
கண்ணுக்குத் தெரியவில்லை.
தண்ணீரில் அமுக்க வேண்டும், என்றான்.

படியிறங்கி எடுத்துப்போனோம்.
நான் காற்றடித்தேன்,
அவன் அங்குலம் அங்குலமாக முக்கினான்,
முக்கால்வாசி வட்டம் ஒன்றுமில்லை,
விரல் மரத்துப்போகிற குளிர்.
அப்புறம் மோசலில்
ஒரு குமிழ்.