உறை எண் நாற்பத்தொன்று

நாட்றாம்பாளையத்துக்கு மேலே, பாறைச் சரிவில்
கொழுக்கட்டைப் புல் கதிர் முற்றி உதிர்கிறது.
கீழே பள்ளத்தில் அதே புல்
இன்னும் பூக்கவே இல்லை,
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதது போல.

"ஒரே புல்லுதானே, எதுக்கு இத்தன கவரு?"
கெம்பண்ணாவுக்குச் சிரிப்பு.
உங்கள் மாட்டைக் கேளுங்கள் என்றேன்.
அந்த ஆலம்பாடிப் பசு ஒரு தூரைக் கடித்தது.
ஒட்டி நின்ற இன்னொன்றை
முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

கொழுத்த கதிராய்ப் பார்த்துப் பறிக்கக் கூடாது.
சாண் உயரத்தில் நின்றுபோனது,
எறும்பு பாதி தின்றது,
பாறைச் சூட்டில் கருகியும் ஒரு கதிர் நீட்டியது,
எல்லாவற்றிலும் கொஞ்சம்.
இனி வரும் பஞ்சத்தில் எது பிழைக்கும் என்று
நான் என்ன கண்டேன்?

உண்ணிச்செடிப் புதருக்குள்
தாள் சிவந்து ஒன்று.
பொழுது சாயும்வரை தேடியும் அதற்கு இணை இல்லை.
உறையில் எண் எழுதினேன்.
இருந்ததே மூன்று கதிர்.
கை போகவில்லை.

அரிவாளை வாங்கி
மேலே கவிந்த உண்ணிக் கிளைகளை வெட்டினேன்.
அதன்மேல் கொஞ்சம் வெயில் விழுந்தது.

கிருஷ்ணகிரியில், குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று
எண்ணிப் பார்த்தவர் கேட்டார்:
"நாற்பத்தொன்று காலியா இருக்கே?"
காலி இல்லை சார், அங்கேயே இருக்கிறது.
அவர் அதை எப்படி எழுதிக்கொண்டாரோ.

ராத்திரி சேலையை உதறினால்
ஓரத்தில் ஒரு விதை, சுணையோடு பிடித்துக்கொண்டு.
எந்தச் சரிவுடையது?
இதற்கு என்னிடம் எண் இல்லை.