தெரியாது என்ற கட்டம்

மோல்மீன் ஆஸ்பத்திரி, பல் பிரிவு.
பெஞ்சில் எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர்.
என் மடியில் வள்ளிமயில்.
ஐந்து வயது. பதின்மூன்று கிலோ.
பள்ளிக்கூடப் பதிவில் அவள் பெயர் நின் ஸீ.
இடக் கன்னத்தில் மட்டும் தனக்கா
சுவரில் ஓட்டை அடைத்ததுபோல் தடிப்பாக.
வீக்கம் தெரியக்கூடாதென்று
தையநாயகி இருட்டோடு எழுந்து அரைத்தது.

சயாமா ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தாள்.
பர்மியில் கேட்டாள்,
நான் அதைத் தமிழில் கேட்டுக்கொண்டேன்.
பதிலுக்கு ஐந்து கட்டம்.
இல்லவே இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி.
கடைசியில், தெரியாது.

சூடாகவோ சில்லென்றோ குடிக்கச் சிரமப்பட்டாளா?
தெரியாது.
அவள் விழிக்குமுன் நான் டீக்கடையில் இருப்பேன்.
நாலு மணிக்கு அடுப்பு,
சல்வீன் படித்துறைக்காரர்கள் வருமுன்
நாற்பது கோப்பை வரிசையில்.

சாப்பிட மறுத்தாளா?
மொஹிங்கா வாங்கி வருவேன்.
சாறை உறிஞ்சிவிட்டு
வாழைத்தண்டை எடுத்துக்
கிண்ணத்தின் விளிம்பில் அடுக்கிவைப்பாள்,
ஒவ்வொன்றாக, பொறுமையாக.
செல்லம் என்று நினைத்தேன்.
அடுக்குகிற அழகைக்கூடப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.
சில நேரம், என்றேன்.
தையநாயகி என் பேனாவைப் பிடுங்கி
அடுத்த கட்டத்தில் போட்டாள்.

சொற்களை உச்சரிக்க முடியாமல் போனதா?
இதற்கு இல்லவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள்தான் என்னை நாளெல்லாம் கூப்பிடுகிறாளே.
அப்பா, அப்பா, அப்பா.
"அப்பாவுக்கு உதடு போதும்," என்றாள் தையநாயகி.
"தண்ணிக்குப் பல் வேணும். பானையைக் காட்டுவா."
ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில்
த வரிசை வரும்போது
மேசைக்கடியில் பென்சில் தேடுவாளாம்.
ஒரு மாதமாகத் தேடுகிறாளாம்.

தூக்கம்?

இது எனக்குத் தெரியும்.
ராத்திரி அழுவாள்.
காலி டின்னில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி
ஒட்டியிருக்கும் கெட்டிப்பாலைக் கரைத்து
பாட்டிலில் கொடுப்பேன்.
உறங்கிவிடுவாள், காம்பு வாயிலிருக்க.
முதலாளி அந்த டின்களுக்குக் காசு பிடிக்கவில்லை,
நல்ல மனுஷன் என்று கும்பிட்டிருக்கிறேன்.
நல்ல சேதி வந்தால்
வயிற்றில் பால் வார்த்தாய் என்போம்.
நான் பல்லில் வார்த்தேன்,
மூன்று வருஷம், விடாமல்.
கறுத்தபோது பக்கத்து வீட்டில் சொன்னார்கள்,
விழப்போகிற பல்தானே.
நானும் அதையே சொன்னேன்,
இன்னும் கொஞ்சம் சத்தமாக.

சயாமா தாளைத் திருப்பினாள்.
அதே குரலில், தலை தூக்காமல்,
பிள்ளையின் பல்லால்
பெற்றவர்களுக்குக் குற்றவுணர்வு உண்டா என்றாள்.

ஐந்து கட்டத்தையும் பார்த்தேன்.
டின் மூடி கிழித்த என் கட்டைவிரல்
தாளின் ஓரத்தில் கிடந்தது.
வள்ளிமயில் அதைப் பிடித்து நிமிண்டிக்கொண்டிருந்தாள்.
எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

நாலு பல்.
பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள்.
அரிசி அளவுதான்,
ஒன்றில் மட்டும் சீழோடு ஒரு வேர்.
இதுவா இத்தனை ராத்திரி.

ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு
திடுக்கிட்டு எழுந்தேன்.
ஒரு சத்தமும் இல்லை.
பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.
வாய் திறந்து தூங்கினாள்,
தனக்கா இல்லாத கன்னம்
தலையணையில் நசுங்க.
தையநாயகியும் விழித்திருந்தாள்.
நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

கடை திறந்தேன்.
முதல் ஆள் வந்து ச்சோ செய்ன் என்றார்,
இனிப்புத் தூக்கலாக.
புது டின்னில் இரண்டு குத்து.
ஒரு துளை பால் வர,
ஒரு துளை காற்றுப் போக.
ஊற்றினேன். அதுதானே பிழைப்பு.

நாற்பதாவது கோப்பைக்குப் பிறகு
காலி டின்னைக் கவிழ்த்துப் பிடித்தேன்.
ஒரு சொட்டு விளிம்பில் நின்றது,
விழாமல், நெடுநேரம்.