முதுகில் ஒரு கிளிப்

வால்பரைசோவில்
குன்றின் அடியிலிருந்து உச்சிக்கு
மரப்பெட்டி ஏற எண்பது வினாடி.
முப்பத்தோரு வருடம்
அந்த எண்பது வினாடிக்கு நீதான் விமானி.

கதவைச் சாத்தும் முன் தலையை நீட்டுவாய்:
"பெல்ட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், சீமாட்டிகளே.
இடப்பக்க ஜன்னலில் செனோரா எல்சாவின் உள்பாவாடைகள்,
வலப்பக்கம் பசிபிக்."
பெல்ட் கிடையாது.
இருந்தும் மீன்காரி எர்மினியா
காலைதோறும் இடுப்பைத் தடவித் தேடுவாள்.

பாதர் அனிசெதோ நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.
"நிபால்டோ நல்ல கணவர், நல்ல தகப்பன்.
வேறு ஏதாவது சொல்லுங்கள், பிரசங்கத்துக்கு."

வேறா?
நிலம் ஆடும் இரவுகளில்
பிள்ளைகளை வாசல்நிலைக்குக் கீழே இழுத்துப் போட்டு
மதிப்பெண் போடுவாய்:
"ஏழுக்கு நாலு. அலமாரிகூட அசையவில்லை, ஏமாற்று வேலை."
பத்து வயது வரை எலியேசெர் நம்பியிருந்தான்
பூகம்பம் என்பது
அப்பா ஏற்பாடு செய்கிற போட்டி என்று.

வீட்டில் ஒரே சட்டம்தான் இருந்தது.
முதுகில் துணிக்கிளிப்போடு தெருவுக்குப் போய் வருகிறவர்
அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும்.
வங்கியில், பல் டாக்டரிடம்,
யாஸ்னாவின் பட்டமளிப்பில்
கிளிப்போடு நின்றிருக்கிறேன்.
உனக்குத் தெரியாமல் உனக்கு மாட்ட
ஆறு வருடம் பயிற்சி எடுத்தேன்.

எரிச்சலும் உண்டு, மறைப்பானேன்.
என் அம்மா இறந்த வாரம்
சவப்பெட்டிக்காரனிடம் கேட்டாய்,
இரண்டாக வாங்கினால் குறைப்பீர்களா என்று.
"ஒரு நாளாவது மனுஷனாக இரு!"
கத்தினேன்.
இருந்தாய். ஒரே ஒரு நாள்.
சூப்பைச் சத்தமில்லாமல் குடித்தாய்,
செய்தி பார்த்தாய்,
நாற்காலியை மேஜைக்குள் நேராகத் தள்ளி வைத்தாய்.
யாஸ்னா உன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.
இரவு பதினோரு மணிக்கு
சரணடைந்தது நான்தான்:
உன் பைஜாமாவில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
இருட்டில் கட்டில் குலுங்கியது, உன் சிரிப்பில்.

இதில் எதையும் பாதரிடம் சொல்லவில்லை.
"நன்றாகச் சாப்பிடுவார்" என்றேன்.
எழுதிக்கொண்டார்.

மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை,
பெட்டி பாதி வழியில் நின்றது.
உள்ளே ஒன்பது பேர்.
நிபால்டோவின் விளையாட்டு என்று சிரித்தார்களாம்.
நாலு நிமிடம் சிரித்தார்களாம்,
மேலே இயந்திர அறையில்
நெம்புகோலைப் பிடித்தபடி நீ சரிந்து கிடக்க.
வெகுநாள் அவர்களை மன்னிக்கவில்லை நான்.
எர்மினியா எதிரே வந்தால்
மீன் வாங்காமல் தெருவைக் கடந்தேன்.
பிறகு ஒரு நாள்
அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து நின்றபோது தோன்றியது:
கடைசியாக உன் காதில் விழுந்தது
அந்தச் சிரிப்பாக இருந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.
பால் வழிந்துவிட்டது.

கல்லறையில் நல்ல காற்று.
பாதர் நிதானமாக, அழகாகப் பேசினார்,
உன் பசியைப் பற்றியும் இரண்டு வரி.
ஆமென் சொல்லித் திரும்பியபோது
அவருடைய கறுப்பு அங்கியின் முதுகில்
மஞ்சள் கிளிப்.
ஊரே பார்த்தது. ஒருவரும் சொல்லவில்லை.
அப்படியே நடந்து பஸ் ஏறினார்.
பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு திருப்பித்தர வந்தார்,
கைக்குட்டையில் பொதிந்து, ஏதோ புனிதப் பொருள் மாதிரி.
சட்டத்தைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு கைகளை மடித்துவிட்டுக்கொண்டு
தொட்டிப் பக்கம் போனார்.

பத்தொன்பது தட்டு.
ஒன்றை உடைத்தார்.
"ஏழுக்கு மூன்று" என்றாள் யாஸ்னா,
வாசல்நிலையில் சாய்ந்தபடி.