புள்ளி வட்டம்

குதைபியாவில் ஆறு கட்டில் அறை.
மேல்கட்டிலில் என் மடிக்கணினி,
நாலு ஜிபி, இரண்டாம் கை,
தொடையைச் சுடும்.
இன்னாசி மகளுக்குப் புதுநன்மை முடிந்து ஒன்பது நாள்.
வாட்ஸப்பில் நாற்பத்திரண்டு படம்.
"பாட்டோட வீடியோ ஆக்கணும். ஒரு படத்துல
நான் அவ பக்கத்துல நிக்கணும்.
எந்த சாஃப்ட்வேர்ல முடியும்?"

முதலாவது ஏழு நாள் இலவசம்.
முடி முடியாக வெட்டித் தந்தது,
வெண்முக்காட்டின் வலைக்கண் ஒன்றுகூடத் தப்பாமல்.
சேமிக்கும்போதுதான்
பிள்ளையின் நெஞ்சுக்குக் குறுக்கே
தன் பெயரைச் சாய்த்து எழுதியது.
அழிக்க மாதம் பன்னிரண்டு தினார்.
இன்னாசி அதை வாய்க்குள் ரூபாயாக்கிப் பார்த்தான்.
பிறகு தண்ணீர் குடித்தான்.

இரண்டாவது ஜாபிரின் பென்டிரைவில் வந்தது,
பூட்டு உடைத்தது.
ஆன்டிவைரஸ் கத்தியது.
அதன் வாயை அடை என்றான் ஜாபிர்.
இதே கணினியில்தான்
ஆறு பேரின் பாஸ்போர்ட் நகலும் இருக்கிறது.
வேண்டாம் என்றேன்.
இரண்டு நாள் என் தட்டில் மட்டும் மீன் வால்.

மூன்றாவது முழு இலவசம், ஆமை.
எல்லாம் செய்தது, தமிழைத் தவிர.
வெரோனிக்கா என்று அடித்தேன்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
'ரோ'வை இருபுறமும் பிடித்திருந்தவை
கைவிட்டுத் தனித்தனியே நின்றன,
ஒட்டிக்கொண்டு ஒரு வட்டம், வெறும் புள்ளிகளால்.
"இது என்ன எழுத்து?"
எழுத்து இல்லண்ணே.
இங்க ஒண்ணு இருந்திருக்கணும்னு
கம்ப்யூட்டர் வைக்கிற அடையாளம்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.
"பேரைப் போன்ல எழுதி, படமா ஒட்டிரு."

வெள்ளிக்கிழமை, மொட்டைமாடி.
கோயில் படத்தில் நிழல் நீளம், இடப்பக்கம்.
ஆகவே நாலரை மணி வரை காத்திருந்தோம்.
டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவே பச்சைப் போர்வை.
ஜாபிரின் சந்தன நிறச் சட்டை,
கோபம் தீர்ந்து அவனே இஸ்திரி போட்டது.
இடுப்புக்குக் கீழே வேலைக் காற்சட்டை, இரும்பு முனை பூட்ஸ்.
அது படத்தில் வராது.
"சிரிக்கவா?"
அவளைப் பாருங்க.
"எங்க?"
தண்ணீர்த்தொட்டிக் குழாயைக் காட்டினேன்.
எட்டு வயது உயரம்.

ஒட்டும்போதுதான் கண்டேன், இடம் காலியாக இல்லை.
அவன் தம்பி அருளப்பன் நின்றிருந்தான்,
ஒரு கையில் மெழுகுவர்த்தி,
மறு கை அவள் தோளில்.
ஆளை எடுத்துரலாம் என்றேன்.
அதற்கும் கருவி இருந்தது,
பின்சுவரின் சுண்ணாம்பைத் தானே வரைந்து நிரப்பும்.
இரண்டு சொடுக்கு. அருளப்பன் போய்விட்டான்.
இன்னாசி மூச்சு விடவில்லை.
"திரும்பக் கொண்டா."
கண்ட்ரோல் இஸட். வந்தான், மெழுகு அணையாமல்.
"லீவு போட்டு, வேன் புடிச்சு, அவந்தான் நின்னான்.
என்னைப் பின்னால வை.
அவன் கை அங்கயே இருக்கட்டும்."

அப்படியே அடுக்கினேன்:
அடியில் சுவர், அதன்மேல் இன்னாசி,
அவனை மறைத்தும் மறைக்காமலும் தம்பி,
எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையும்
தோளில் அந்தக் கையும்.

பதினொன்றுக்கு ரெண்டர் தொடங்கியது.
கணினி கொதித்து அணைந்துவிடாமலிருக்க
ஏசியின் வாயை என் கட்டிலுக்குத் திருப்பிவிட்டு
ஐந்து பேர் வியர்த்துக் கிடந்தார்கள்.
அறுபத்தொன்றில் நெடுநேரம் நின்றது.
யாரோ இருட்டில் "எவ்ளோ?" என்றார்கள்.
அறுபத்தொண்ணு.
மூன்று மணிக்கு முடிந்தது. நாலேகாலுக்கு பஸ்.

சித்ரா போகும் பாலத்தில்
இன்னாசியின் போன் ஒளிர்ந்தது.
மனைவி. ஒரே வரி.
படித்துவிட்டு ஜாபிரிடம் நீட்டினான்,
ஜாபிர் என்னிடம்.

"அந்தச் சட்டை யாருது?"